கிணற்றுக்குக் கிழக்கே கூப்பிடு தூரம்: மிதிவெடித் தகவல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வட இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியில், ஒலுமடுப் பக்கம் இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையின் அந்தத்தில் இருக்கிறது இந்தக் காணி. மேட்டுநிலம் இரண்டு ஏக்கர், அதை ஒட்டினாற்போல வயல் மூன்று ஏக்கர். ஒரு கட்டுக்கிணறு, கவடு விரிந்த ஒரு பெரிய பாலை மரம், கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் வீடு. 2015ஆம் ஆண்டு சிறுபோகத்துக்குச் சற்று முன்பு நான் அங்கே போனபோது ஒழுங்கை வாயிலில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நட்டிருந்தது. காணிக்காரி ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய நாள் தொட்டுத் தன் காணியை வீதியில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுவிட்ட தங்கையின் வளவில் தறப்பாள் கொட்டில் போட்டுக் குடியிருப்பு.

நான் அப்போது மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் தகவல் பிரிவில் இருந்தேன். கவசம் போட்டு மண்ணில் குந்துகிறவர்கள் வேறு ஆட்கள். நான் மேசையில் இருந்து அவர்கள் கொண்டுவரும் தாள்களைக் கணினியில் ஏற்றுகிறவன். என் கையில் பட்டது சுட்டி மட்டும். அந்தச் சுட்டியாலும் ஒருவரின் வயலை ஐந்து ஆண்டுக்குப் பூட்டிவைக்கலாம் என்பதை இந்தக் காணி எனக்குக் காட்டியது.

ஆட்களின் பெயரையும் ஒழுங்கையின் பெயரையும் விட்டுவிட்டேன். நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். பிழையில் ஒரு பங்கு என்னுடையது.

நிலத்தின் கதை

வன்னியில் ஒரு காணியின் மிதிவெடிக் கதையைக் கேட்க உட்கார்ந்தால் போரின் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழும்பலாம். இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை 1997 மே மாதம் வவுனியாவிலிருந்து வடக்கே புறப்பட்டது. 1998 செப்ரெம்பர் கடைசியில் மாங்குளம் இராணுவத்திடம் போனது. அதற்கு முன்பே சனம் மூட்டை முடிச்சோடு வெளியேறிவிட்டது. அடுத்த ஓராண்டில் மாங்குளத்துக்குக் கிழக்கே வயலும் காடுமாகக் கிடந்த இடங்களில் மண்அணைகளும் காவலரண்களும் எழும்பின. அவற்றுக்கு முன்னால் மிதிவெடிகள் நிரை நிரையாகப் புதைக்கப்பட்டன. 1999 நவம்பரில் புலிகளின் ஓயாத அலைகள் மூன்று என்ற தாக்குதல் தொடங்கியதும் அந்த முன்னரங்கு சில நாட்களுக்குள் ஓமந்தைப் பக்கம் பின்னுக்குப் போய்விட்டது. ஆட்கள் போனார்கள், புதைத்தது புதைத்தபடி கிடந்தது.

2002இல் போர்நிறுத்தம் வந்தது, சனம் திரும்பியது. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தோடு சேர்ந்த மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு ஊர் ஊராக வேலை செய்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் அந்த ஆண்டில்தான் வந்தன. பிறகு மறுபடி போர். 2008 நவம்பரில் மாங்குளம் மறுபடி கைமாறியது. ஒரே குளத்துக்கு அடியில் இரண்டு போரின் வெடிகள் கிடக்கும் நிலை அப்படி வந்தது.

இராணுவம் புதைத்த இடங்களுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு பதிவேடு இருந்தது. புலிகள் புதைத்த இடங்களுக்கு ஆட்களின் நினைவுதான் பதிவேடு. அந்த ஆட்களில் பலர் உயிரோடு இல்லை. உயிரோடு இருந்தவர்கள் வாய் திறக்க அஞ்சினார்கள். இவை இரண்டையும் எல்லாரும் பேசுவார்கள். பேசப்படாத மூன்றாவது ஒன்று உண்டு: 2002க்கும் 2006க்கும் இடையில் எந்தத் துண்டு நிலத்தில் எத்தனை எடுத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று எழுதிய காகிதங்கள். அவற்றில் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. வெடி இருக்கிறது என்பது போலவே வெடி எடுத்தாகிவிட்டது என்பதும் ஒரு தகவல்தான். அது தொலைந்தால் ஒருமுறை துப்புரவாக்கிய நிலத்தைச் சனம் இரண்டாம் முறையும் காத்திருந்து வாங்க வேண்டும்.

பதிவில் இருந்தது

உலகில் பல பத்து நாடுகள் மிதிவெடித் தகவலை இம்ஸ்மா என்ற ஒரே முறைமையில் வைத்திருக்கின்றன. ஜெனீவாவில் 1998இல் தொடங்கிய மனிதநேய மிதிவெடி அகற்றலுக்கான சர்வதேச நிலையம் அதை உருவாக்கியது. 1999இல் கொசோவோவில்தான் முதலில் பயன்பட்டது. இலங்கையிலும் அதே முறைமை. ஒவ்வொரு ஆபத்துப் பகுதியும் அதில் ஒரு பலகோணமாக இருக்கும். மூலைக்கு மூலை அகலக்கோடு, நெடுங்கோடு. பக்கத்தில் யார் சொன்னது, எப்போது ஆய்வு செய்தது, என்ன வகை வெடி என்று கட்டம் கட்டமாக விவரம். சந்தேகப் பகுதி ஒரு நிறத்தில், உறுதியான பகுதி இன்னொரு நிறத்தில்.

அக்காவின் காணியின் மேல் அப்படி ஒரு பலகோணம் இருந்தது. மேற்கு எல்லை வீதிக்குப் பக்கத்தில் தொடங்கும். கிணறு, வீடு, பாலை மரம் எல்லாவற்றையும் விழுங்கி வயலின் பாதி வரை நீளும். நடுவில் ஒரு முழங்கை மடிப்பு. ஆதாரம் என்ற கட்டத்தில் “பழைய பதிவேடு” என்று இரண்டே சொல். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகள்.

ஒரு தடயம் அப்போதே இருந்தது. 2011இல் அந்தப் பக்கத்தில் ஒரு பசு காலை இழந்திருந்தது. கிராம அலுவலர் எழுதிக் கொடுத்து எங்கள் பதிவிலும் ஏறியிருந்தது. இடம் என்ற கட்டத்தில் “காணிக்குக் கிழக்கே, மாட்டுப் பாதையில்” என்றிருந்தது. வரைபடத்தில் குறிக்க ஆயத்தொலைவு இல்லாததால் அந்த விபத்து வெறும் சொல்லாகத் தரவுத்தளத்தின் ஒரு மூலையில் கிடந்தது. கிழக்கே என்ற சொல்லைக் கணினிக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேசையில் எடுத்த படம்

துப்புரவு வேலைக்கு முன் கிராம அலுவலர் அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைப்பது வழக்கம். எங்கள் கள உத்தியோகத்தர் பலகோணத்தை அச்சடித்து மேசையில் விரித்துவைத்து, இந்த ஆண்டு இந்தத் துண்டுக்கு முறை வராது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். வரைபடத்தை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அக்கா கேட்கவும் இல்லை. தேத்தண்ணி வந்த இடைவேளையில் மேசைக்குக் கிட்டப் போய்த் தன் தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினார். “எங்கள் காணி முழுக்கச் சிவப்பு அடித்திருக்கிறார்கள், பார்” என்று ஒரு வரி.

தம்பி 2006 வரை அந்த ஊரில் இருந்தவர். படத்தைப் பார்த்த உடனே அவருக்குக் கோபம் வந்திருக்கிறது. மிதிவெடி எங்கள் காணிக்குள் இருந்ததே இல்லை என்று ஊர் வட்ஸ்அப் குழுவில் எழுதினார். அந்தக் குழுவில் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சென்னை என்று எல்லாத் திசையிலும் ஊர்க்காரர் இருந்தார்கள். எழுதியதோடு கூகிள் ஏர்த்தில் ஒரு குறியும் வைத்து அனுப்பினார்: இங்கேதான் இருந்தது.

அடுத்த இரண்டு நாள் நடந்ததை நான் பிறகு அக்காவின் தொலைபேசியில் மேலும் கீழும் தள்ளி வாசித்தேன். ஒருவர் குறியை எடுத்து வேறொரு குழுவில் போட்டார். அங்கே ஒருவர் அதைச் சிவப்பு வட்டமாக்கி “எச்சரிக்கை” என்று முகநூலில் ஏற்றினார். ஊரின் பெயர் ஒரு எழுத்துப் பிழையோடு பரவி, வேறொரு பிரதேசத்தில் அதே ஒலியுள்ள ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடலாமா என்று ஒரு தாய் கேட்கும் அளவுக்குப் போனது. குறி எங்கும் போனது. யார் பார்த்தது, எந்த ஆண்டு பார்த்தது, எங்கே நின்று பார்த்தது என்ற மூன்றும் அதன் கூடப் போகவில்லை. தம்பியின் முதல் குறியும் பிழைதான். செய்மதிப் படத்தில் பாலை மரத்தின் நிழலை மரம் என்று எண்ணியிருக்கிறார்.

ஆனால் அதே திரியில், நாற்பது ஐம்பது கும்பிடும் கைகளுக்கும் பகிர்ந்த படங்களுக்கும் நடுவில், தம்பி ஒரு பழைய நிழற்படத்தைப் போட்டிருந்தார். 2003இல் எடுத்தது. முன்னால் அவர், சாரத்தை மடித்துக் கட்டியபடி. பின்னால் கிணறு. அதற்கும் பின்னால் பாலை மரம். அதற்கு அப்பால், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், வெள்ளைத் தலை போட்ட முளைகள் ஒரு வரிசை, வெடி அகற்றுகிறவர்கள் வேலை இடத்தைக் குறிக்க அடிப்பவை.

கள உத்தியோகத்தர் அந்தப் படத்தை என்னிடம் கொண்டுவந்தார். ஊர்க்குழுச் சண்டைக்குள் எங்களை இழுக்காதீர்கள் என்றுதான் நான் முதலில் சொன்னேன். அவர் போகவில்லை. “அண்ணை, முளையைப் பாருங்கள்” என்றார்.

கப்பித் தூணும் கவடும்

இங்கே காலை ஏழரை, ரொறன்ரோவில் முந்தைய இரவு பத்து. அக்கா, கள உத்தியோகத்தர், நான் மூவரும் ஒழுங்கை வாயிலில், பலகைக்கு இந்தப் பக்கம், வீதியில் நின்றோம். தொலைபேசித் திரையில் தம்பி, வேலை உடுப்போடு. பின்னால் சமையலறை மின்விளக்கு.

நிழற்படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்டேன். “இதே வாயிலில்தான் அண்ணை. சிநேகிதன் எடுத்தான். அவனுக்கு உள்ளே வரப் பயம்.”

அச்சடித்த படத்தை ஒரு கையில் பிடித்தபடி நான் வாயிலில் இடமும் வலமுமாக அசைந்தேன். படத்தில் கிணற்றின் கப்பித் தூண் பாலை மரக் கவட்டின் இடது கிளையைச் சரியாக மறைத்தபடி நின்றது. வீதியில் ஓர் அடி வடக்கே போனால் கிளை தூணுக்கு இந்தப் பக்கம் வெளியே தெரிந்தது, ஓர் அடி தெற்கே போனால் அந்தப் பக்கம். நடுவில் ஒரே இடத்தில் மட்டும் தூண் கிளையை விழுங்கியது. பன்னிரண்டு ஆண்டு மழைக்குத் தூண் அசையவில்லை, பாலை மரத்துக்கோ பன்னிரண்டு ஆண்டு ஒரு வயதே அல்ல. அந்த இடத்தில் குதிக்காலால் மண்ணைக் கீறினேன். திசைகாட்டியை வைத்துப் பார்த்தபோது முளைகள் இருந்த திசை கிழக்குக்குச் சற்று வடக்கே என்று காட்டியது.

திசை கிடைத்தது, தூரம் வேண்டும். மீற்றர் கணக்கில் கேட்டேன். தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐம்பது என்றார், பிறகு முந்நூறு என்றார். அக்கா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார்.

“நீ அந்தப் பெடியளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும்போது நான் கிணற்றடியில் நின்று கூப்பிடுவேனே. கேட்குமா?”

“கூப்பிடுவது கேட்கும் அக்கா. என்ன சொல்கிறாய் என்று விளங்காது.”

அதைக் குறித்துக்கொண்டேன். மிதிவெடி அகற்றல் பற்றிய எந்தக் கைநூலிலும் கூப்பிடு தூரம் என்று ஓர் அலகு இல்லை. ஆனால் குரல் கேட்டுச் சொல் விளங்காத தூரம் ஐம்பது மீற்றராக இருக்க முடியாது. முந்நூறு என்றால் குரல் கேட்பதே சந்தேகம். இடையில் எங்கேயோ.

தம்பி இன்னொன்றும் சொன்னார். அந்தக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு மண்அணைப் பக்கமிருந்து நிரையை எடுத்துக்கொண்டு வந்தது. கார்த்திகை மழை பிடித்தது. வயலில் தண்ணீர் நின்றது. முளைகளை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்து மிச்சத்தை எடுத்தார்களா என்று அவருக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லை என்பதை நிச்சயமில்லை என்றே சொன்ன முதல் ஆள் அவர்தான். குழுவில் மற்ற எல்லாருக்கும் எல்லாம் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

கந்தவலப் பிழை

அன்று மத்தியானம் அலுவலகத்தில் செய்மதிப் படத்தின் மேல் பலகோணத்தை வைத்துப் பார்த்தேன். காணிக்குக் கிழக்கே, பற்றைக்கு நடுவில், வெளிறிய ஒரு கோடு போனது. பழைய மண்அணை. அந்தக் கோட்டில் ஒரு முழங்கை மடிப்பு இருந்தது.

பலகோணத்தைச் சுட்டியால் பிடித்துக் கிழக்கே இழுத்தேன். நூறு, நூற்றைம்பது, இருநூறு மீற்றர். கொஞ்சம் வடக்கே தூக்கினேன். மடிப்பு மடிப்பின் மேல் போய் உறையில் கத்தி இறங்குவது போல உட்கார்ந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என்ன நடந்தது என்பதற்குக் கொஞ்சம் நில அளவை தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் பழைய நில அளவைப் படங்கள் கந்தவல என்ற ஆதாரத்தின் மேல், அதாவது எல்லா இடத்தையும் அளக்க வைத்துக்கொண்ட அடிப்படையின் மேல், வரையப்பட்டவை. நீர்கொழும்புப் பக்கத்தில் உள்ள ஓர் அளவை நிலையத்தின் பெயர் அது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் நெடுங்காலம் அதைக் கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளை என்றே எண்ணிக்கொண்டிருந்தார். ஜி.பி.எஸ். கருவியும் கூகிளும் தரவுத்தளமும் பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறோர் ஆதாரத்தை. பூமியின் வடிவத்தை இரண்டும் வெவ்வேறாகக் கொள்கின்றன. ஆகவே ஒரே மரத்துக்கு இரண்டிலும் இரண்டு அகல நெடுங்கோடுகள் வரும். பழைய படத்தில் வாசித்த எண்ணை மாற்றாமல் அப்படியே புதிய முறையில் இட்டால் வன்னியில் அது உண்மையான இடத்துக்கு மேற்கே இருநூறு மீற்றருக்கும் அதிகமாக, தெற்கே இருபது சொச்சம் மீற்றர் தள்ளி விழும். பதிவேட்டை எழுதியவர் சரியாக எழுதியிருந்தார். மண்ணில் வெடியைப் புதைத்தவர்கள் புதைத்த இடமும் பதிவேட்டில் இருந்த இடமும் ஒன்றே. இடையில் ஒருவர் அந்த எண்களைக் கணினியில் ஏற்றும்போது ஆதாரத்தை மாற்றவில்லை. நான் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சரி என்று குறித்தேன்.

பாகை, கலை, விகலைக் குழப்பத்தைக் கண்டுபிடிப்பது லேசு. 9 பாகை 30 கலையை 9.30 என்று எழுதிவிட்டால் புள்ளி இருபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் போய் விழும், யாருக்கும் கண்ணில் படும். இருநூறு மீற்றர் அப்படி இல்லை. அதே ஊருக்குள், அடுத்த காணிக்குள் நம்பும்படியாக விழும்.

அதன் பொருள் இரண்டு. வெடி இல்லாத காணி ஒன்று ஐந்து ஆண்டு பூட்டிக் கிடந்தது. வெடி இருந்த துண்டில் ஐந்து ஆண்டாக மாடு மேய்ந்தது, மாட்டின் பின்னால் பிள்ளைகள் நடந்தார்கள். இரண்டாவதைப் பற்றி இன்றும் எனக்கு நிதானமாக எழுத வரவில்லை.

அன்று மாலையே கிழக்குப் பாதையில் சிவப்பு நாடா கட்டப்பட்டது. அடுத்த வாரம் அதே பதிவேட்டுக் கட்டிலிருந்து கணினியில் ஏறிய மற்றப் பலகோணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மண்அணைக் கோடுகளோடு வைத்துப் பார்த்தேன். இன்னும் சில அதே திசையில், அதே அளவு தள்ளியிருந்தன.

வாரி

திருத்திய இடத்தில் தொழில்நுட்ப ஆய்வு தொடங்கியது. வன்னி மண்ணில் உலோகம் தேடும் கருவி எல்லா இடத்திலும் உதவாது. எறிகணைச் சில்லுக்கும் முட்கம்பித் துண்டுக்கும் கருவி ஓயாமல் கத்தும். பி-4 போன்ற பிளாஸ்ரிக் மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. அதனால் பல் வைத்த கைக்கருவியான வாரிதான் கைகொடுக்கிறது. இரண்டு வாரி: ஒன்று கனமானது, மண்ணை இளக்க, மற்றது லேசானது, இளகியதைத் தன்பக்கம் இழுக்க.

அந்தப் பாதையில் வேலை செய்தவர் புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பெண் ஒருவர். முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, குந்தியபடி, தன் முன்னால் குறித்த ஆழத்துக்கு ஒரு சிறு வெட்டுமுகம் எடுத்து, அந்த முகத்தைப் பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டே முன்னேறினார். மேலிருந்து அழுத்தாமல் பக்கத்திலிருந்து போனால் வெடியின் தலையில் பாரம் விழாது. ஒரு நாளில் ஒருவர் முடிப்பது ஒரு சிறிய அறையின் தரையளவு நிலம். நான்காம் நாள் வெட்டுமுகத்தில் பச்சை வட்டத்தின் ஓரம் தெரிந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கையை உயர்த்தி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். அதே நிரையில், அதே இடைவெளியில் அடுத்தது. அதற்கு அப்பால் உக்கிப்போன ஒரு முளை, தலையில் வெள்ளைப் பூச்சின் ஒரு பொருக்கோடு.

குரல் பதிவு

இதோடு கதை முடிந்திருந்தால் ஒரு நில அளவைப் பிழையின் கதையாக முடிந்திருக்கும். முளை கிடைத்த படத்தை அக்கா தம்பிக்கு அனுப்பிய பிறகு தம்பியிடமிருந்து கள உத்தியோகத்தருக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அவருடைய குரல் இல்லை. யாரோ ஒருவர், எந்த நாட்டிலிருந்தோ, 2008 கடைசியில் குளத்து அலைகரைப் பக்கம் தாங்கள் புதைத்த இடத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார். துருசு என்ற குளத்து மதகிலிருந்து எவ்வளவு தூரம், வாய்க்காலின் எந்தக் கரை, மரப்பெட்டி வெடியா பிளாஸ்ரிக்கா என்பது உட்பட. கடைசியில் ஒரு வாக்கியம்: “என் பெயர் எங்கேயும் வரக் கூடாது, அங்கே என் அம்மா இருக்கிறார்.”

எங்கள் படிவத்தில் தகவல் தந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி மூன்றும் கட்டாயக் கட்டங்கள். நிரப்பாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு விடாது. சாதாரண நாட்டில் சாதாரண ஆளிடம் கேட்க அது நல்ல படிவம். போருக்குப் பின்னான வன்னியில் அந்த மூன்று கட்டங்கள் மூன்று பூட்டுகள். மிதிவெடி எங்கே என்று மிகத் துல்லியமாகத் தெரிந்த ஆள்தான் தன் பெயரைச் சொல்ல மிகவும் அஞ்சும் ஆள். படிவத்தை உருவாக்கியவர்களுக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கட்டாயம் என்ற நட்சத்திரக் குறியை எடுத்திருப்பார்கள்.

நாங்கள் செய்தது இது. பெயர் என்ற இடத்தில் “ஊரோடு தொடர்புள்ளவர்” என்று எழுதினோம். இலக்கத்துக்கு எங்கள் அலுவலகக் கோவை எண்ணை இட்டோம். தகவலின் தரம் என்ற கட்டத்தில் நேரில் கண்டவர், ஆண்டு 2008, இடம் விவரித்த முறை துருசிலிருந்து தூரம் என்று விரிவாக எழுதினோம். குரல் பதிவை எழுத்தாக்கியதும் அழித்தோம். ஆனால் எங்களுக்கு முன்பே அது வேறு யாருக்கோ போயிருந்தது. பத்து நாள் கழித்து ஊரில் ஒரு முதியவர் அந்தப் பதிவை எனக்கே போட்டுக் காட்டினார். “தம்பி, இதைக் கேட்டாயா, இந்தக் குரல் யாரென்று எனக்குத் தெரியும்” என்றார். நான் தெரியாது என்று தலையாட்டினேன். அந்த அம்மாவுக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. அது எங்கள் கெட்டித்தனம் அல்ல.

அதன் பிறகு குரல் பதிவை நாங்கள் ஏற்பதில்லை என்று ஊருக்குச் சொன்னோம். பேச விரும்புகிறவர் நேரடி அழைப்பில் பேசலாம், பதிவு செய்ய மாட்டோம். இணையம் தூரத்தைத் தீர்த்துவைத்தது. அச்சத்தை அது தீர்க்கவில்லை, பல மடங்கு ஆட்களுக்குக் கேட்கவைத்தது.

மேலே போகும் பாதை

எங்கள் மேசையிலிருந்து தகவல் கிளிநொச்சியிலுள்ள பிராந்திய அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து கொழும்பில் 2010இல் அமைந்த தேசிய மிதிவெடி நடவடிக்கை நிலையத்துக்கு. இந்தக் காணிச் சம்பவம் நடந்தபோது மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்திருக்கவில்லை. 2017 டிசெம்பர் 13இல் சேர்ந்தது, 2018 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையின் 7ஆம் உறுப்புரைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30க்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். எந்த மாவட்டத்தில் எத்தனை சதுர மீற்றர் மிச்சம் என்பது வரை அதில் வரும். புதைத்ததை எடுத்து முடிக்க 5ஆம் உறுப்புரை கொடுத்த பத்தாண்டுக் கெடு 2028 ஜூன் 1. அறிக்கைகள் இணையத்தில் கிடக்கின்றன, உலகில் யாரும் எடுத்து வாசிக்கலாம்.

யாரும் என்றால் ஆங்கிலம் வாசிக்கிற யாரும். முல்லைத்தீவு மாவட்டத்தின் கூட்டுத்தொகை ஜெனீவாவில் இருக்கிற ஒருவருக்கு அரை நிமிடத்தில் கிடைக்கும். தன் ஒழுங்கை அந்தத் தொகைக்குள் இருக்கிறதா என்று ஒலுமடுவில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்காது. மேலே போகப் போகத் தகவல் பெருக்கிறது, கூடவே ஊரின் பெயர், மரம், கிணறு எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. இந்தக் காணியில் பிழை பிடிபட்டது எங்கள் தர மேற்பார்வையால் அல்ல. ஒரு பெண் விதியை மீறி எடுத்த ஒரு படம், மரத்தைத் தெரிந்த ஒருவரின் கண்ணில் பட்டதால்.

குரோஷியா தன் மிதிவெடிச் சந்தேகப் பகுதிகளை எல்லாரும் பார்க்கும் இணைய வரைபடமாகவே வைத்திருந்தது. உக்ரெயினிலும் அப்படி ஒன்று உண்டு. வன்னிக்கும் அதைச் செய்யுங்கள் என்று வெளிநாட்டிலிருந்து அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. திறந்த வரைபடத்தில் சிவப்பு இல்லாத இடத்தைப் பார்த்ததும் மனிதக் கண் அதைப் பச்சை என்று வாசிக்கிறது. உண்மையில் அந்த வெள்ளை, இதுவரை எவரும் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும்தான். பழைய இரும்பு பொறுக்குகிறவருக்கு அதே வரைபடம் வேறு விதமாகப் பயன்படும் என்பதையும் மறக்கக் கூடாது. காணித் தகராறு உள்ள இடத்தில் சிவப்பு நிறம் ஒரு ஆயுதமாகவும் ஆகலாம். ஆகவே முதலில் ஊருக்குள் திறப்போம் என்று நாங்கள் முடிவு செய்தோம். கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் தமிழில் ஒரு பெரிய அச்சுப் படம்: அகற்றிய இடம், அகற்ற வேண்டிய இடம், தெரியாத இடம் என்று மூன்று நிறம், கிணறு, குளம், கோயில், பாலை மரம் எல்லாம் பெயரோடு. படத்தின் அடியில் திகதி. யாரும் தொலைபேசியால் எடுக்கலாம் என்று எழுதியே ஒட்டினோம்.

அக்காவின் காணி ஆய்வுக்குப் பிறகு விடுவிக்கப்பட்டது. கையளிப்புத் தாளில் கையெழுத்திட்ட அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி, கிணற்றை இறைக்கலாமா என்பது. ரொறன்ரோத் தம்பிக்கு நாங்கள் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. தகவல் தந்தவருக்கு முடிவைச் சொல்லும் கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை. இறைத்த கிணற்றின் படத்தை அக்கா அனுப்பித்தான் அவர் அறிந்தார்.

சில மாதங்களின் பின் சுவர்ப் படத்தைப் பார்க்கப் போனேன். ஓரங்கள் சுருண்டிருந்தன. குளத்தின் பெயரை யாரோ நீலப் பேனாவால் வெட்டிவிட்டு மேலே வேறு பெயர் எழுதியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் வாய்க்காலின் மறுகரையில் ஒரு சிறு புள்ளடி, ஒரு கேள்விக்குறி. யார் போட்டது என்று கிராம அலுவலரைக் கேட்டேன். மாட்டுக்காரர்கள் வருவார்கள் போவார்கள், தெரியாது என்றார். தொலைபேசியை எடுத்துப் புள்ளடியைப் படம் பிடித்தேன். அலுவலகத்துக்கு வந்து அந்தப் பதிவைத் திறந்து, தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகு நேரம் இருந்தேன். பிறகு “நீலப் பேனா” என்று எழுதி, திகதியை இட்டு, கள ஆய்வுக்கு அனுப்பினேன்.